பினாங்கு சூட்டில் இரண்டடி தொட்டி: அடித்துக்கொள்ளாத மீன் எது?

ஜெலுத்தோங்காரி | செவ்வாய், இரவு 9.12

வணக்கம். புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், தவறாக ஏதாவது கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஜொகூருக்கு மாறிப் போகும்போது இரண்டடி மீன் தொட்டி ஒன்றை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஸ்டாண்டு, பின்னால் தொங்குகிற ஃபில்டர், விளக்கு எல்லாம் சேர்த்து. காசு வாங்கவில்லை, நல்ல மனுஷர். ஆறு வயது மகளுக்குக் கால் தரையில் படவில்லை. அந்தச் சனிக்கிழமையே தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கல் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஆன்டி குளோரின் விட்டு, சாயங்காலம் மீன் வாங்கப் போய்விட்டோம்.

கடையில் நான் கேட்டது ஒன்றுதான்: சண்டை போடாத மீனாகக் கொடுங்கள். "எல்லாம் கம்யூனிட்டி மீன்தான், ஒன்றும் செய்யாது" என்று அள்ளிப் போட்டுக் கொடுத்தார்கள். நியான் டெட்ரா 8. ஏஞ்சல் குட்டி 2. நீல பெட்டா (சண்டைமீன்) 1, அது மகள் பிடித்த அடம். கண்ணாடியைச் சுத்தம் செய்ய பண்டாராயா மீன் 1.

இன்று நாலாவது நாள். நியான் மூன்றுதான் இருக்கிறது. மற்ற ஐந்தின் உடல்கூடக் கிடைக்கவில்லை. ஏஞ்சல் இரண்டும் வயிறு புடைத்து மூலையில் நிற்கின்றன. பெட்டாவின் வால் ஓரம் கிழிந்திருக்கிறது. மகள் பெரிய ஏஞ்சலுக்குத் 'திருடன்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

எதை எடுத்தால், எதை விட்டால் இந்தத் தொட்டியில் அமைதி இருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்_தொட்டி | செவ்வாய், இரவு 9.20

ஏஞ்சல்தான். கேஸ் முடிந்தது லா.

பச்சைப்பாசி | செவ்வாய், இரவு 9.41

அவசரப்படாதீர்கள் அண்ணே. அக்கா, மூன்று கேள்வி. ஏஞ்சல் என்ன அளவு? தண்ணீர் எத்தனை டிகிரி? பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த ஃபில்டர் பஞ்சை என்ன செய்தீர்கள்?

ஜெலுத்தோங்காரி | செவ்வாய், இரவு 9.55

ஏஞ்சல் உடம்பு ஐம்பது சென் காசு அளவு இருக்கும். டிகிரி தெரியாது, தெர்மாமீட்டர் இல்லை. பஞ்சு பழுப்பாக, ஊத்தையாக இருந்தது. அதனால் குழாயடியில் சோப்பு போட்டுக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன்.

இரவுஷிப்ட் | செவ்வாய், இரவு 9.57

ஐயோ.

பச்சைப்பாசி | செவ்வாய், இரவு 10.20

சரி, இப்போது புரிகிறது. ஐம்பது சென் அளவு ஏஞ்சலின் வாய் மிளகு அளவுதான் இருக்கும். அதில் இரண்டரை செ.மீ. நியான் உயிரோடு நுழையாது. ஏஞ்சல் உங்கள் நியானைக் கொல்லவில்லை. செத்துக் கிடந்ததைக் கொத்தித் தின்றிருக்கிறது, பண்டாராயாவும் பங்கு போட்டிருக்கும். அதனால்தான் உடல் கிடைக்கவில்லை.

கொன்றது தண்ணீர். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பழுப்பு ஊத்தையில் இருந்த பாக்டீரியாதான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றி வந்தது. நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் தாங்கும். மற்ற இரண்டும் விஷம். நீங்கள் சோப்பு போட்டுக் கழுவியது அழுக்கை இல்லை, தொட்டியின் ஈரலை. புதிதாக வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் ஒரே நாளில் 12 மீன். நியான்தான் முதலில் விழும், அதற்குத் தெம்பு குறைவு.

நாளைக்கே ஒரு அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்குங்கள், சொட்டு விடுகிற வகை. கூடவே ஒரு தெர்மாமீட்டர். அதுவரை இரை நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. இன்றிரவே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிட்டுப் படுங்கள்.

ஜெலுத்தோங்காரி | புதன், மாலை 6.30

சோதித்தேன். மஞ்சளாக இருக்க வேண்டியது நல்ல பச்சையாக இருக்கிறது. தெர்மாமீட்டர் 31 டிகிரி காட்டுகிறது. தொட்டி ஹாலில் மேற்கு ஜன்னல் பக்கம் இருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக அடிக்கும்.

மகளிடம் ஏஞ்சல் குற்றவாளி இல்லை என்று சொன்னேன். பெயரை மாற்ற மாட்டாளாம்.

இரவுஷிப்ட் | புதன், மாலை 6.48

சூடு ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும், பிஎச் (தண்ணீரின் காரத்தன்மை) கூடினாலும் அப்படித்தான். அதோடு சூடான தண்ணீரில் பிராணவாயு குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும் என்றால் 30 டிகிரியில் 7.5தான். இரண்டு பக்கமும் அடி.

ஜன்னலை விட்டு நகர்த்துங்கள், தண்ணீரைக் குறைத்துவிட்டுத்தான். நிறை தொட்டியைத் தூக்கி என் மச்சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கதை தனி. அப்புறம் மேசை விசிறி ஒன்றை நீர்ப்பரப்பு மேல் சாய்வாகத் திருப்பி வையுங்கள். ஆவியாகும்போது இரண்டு டிகிரி இறங்கும். தண்ணீர் மட்டம் குறையும், தினமும் கொஞ்சம் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். நான் பாயான் லெப்பாஸில் ஃபேக்டரியில் இரவு வேலை, பகலில் தூங்கும்போது எனக்கு ஒரு விசிறி, மீனுக்கு ஒரு விசிறி.

ரப்பர்தோட்டம் | புதன், இரவு 8.05

மகளே, நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். என் தொட்டி பதினோரு வருஷமாக ஓடுகிறது. பஞ்சில் பாதியை வெட்டித் தருகிறேன், உன் ஃபில்டரில் சொருகிக்கொள். ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், வேலை சீக்கிரம் தொடங்கிவிடும். ஆனால் பஞ்சு காயக்கூடாது. என் தொட்டித் தண்ணீரோடு பையில் கட்டித் தருவேன், ஃபெர்ரியில் மடியில் வைத்துக்கொண்டு போ. வீட்டுக்குப் போனதும் நேராக ஃபில்டருக்குள். வழியில் லிட்டில் இந்தியாவில் இறங்கிக் கடை பார்க்கக்கூடாது.

செந்தூல்_தொட்டி | புதன், இரவு 8.11

ஐயா, கே.எல். பக்கம் டெலிவரி உண்டா 😂

ஜெலுத்தோங்காரி | வியாழன், இரவு 9.30

போய் வாங்கி வந்தேன், ஐயா. உங்கள் வீட்டம்மா கொடுத்த முறுக்குக்கும் நன்றி. பஞ்சு உள்ளே போய்விட்டது. ஃபெர்ரியில் பக்கத்தில் இருந்த அம்மா "என்னம்மா பையில் சாக்கடைத் தண்ணீர்?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

நேற்றிரவு இன்னொரு நியானும் போய்விட்டது. மீதி இரண்டு. இனி என்ன மீன் வைப்பது என்று சொல்லுங்கள். மறுபடியும் நியானா?

கேமரன்_குளிர் | வியாழன், இரவு 9.50

இங்கே ரிங்லெட்டில் என் தொட்டி 22 டிகிரி. நியான் பதினைந்து இருக்கிறது, ஒயிட் கிளவுட் இருக்கிறது, எல்லாம் ஜம்மென்று இருக்கின்றன. நீங்கள் எல்லாம் ஏன் இப்படி அல்லாடுகிறீர்கள்?

இரவுஷிப்ட் | வியாழன், இரவு 9.53

மலையில் உட்கார்ந்துகொண்டு பேசாதீர்கள் அண்ணே. கரண்ட் பில்லைப் பார்த்தால் எங்களுக்கு இங்கே கீழே காய்ச்சல் வருகிறது.

பச்சைப்பாசி | வியாழன், இரவு 10.45

கேமரன் அண்ணன் கேலியாகச் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. அமைதியான மீன் என்று ஒரு பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கும். ஆனால் அந்தப் பட்டியல்களில் பாதி, ஹீட்டர் போட்டுத் தண்ணீரைச் சூடாக்குகிற ஊர்க்காரர்கள் எழுதியது. நியான் மேல் அமேசான் மீன், 20 முதல் 26 டிகிரி வரை சுகமாக இருக்கும். நம் ஊர் பிளாட்டில் 30 டிகிரியில் வைத்தால் உடனே சாகாது. ஆனால் எப்போதும் ஓடிக் களைத்த மாதிரி இருக்கும், ஆயுசு குறையும், சின்ன நோய் வந்தாலும் சாயும். உங்களுக்கு அந்தச் சிவப்பு நீலக் கோடுதான் வேண்டும் என்றால் கார்டினல் டெட்ரா எடுங்கள். நியானில் சிவப்பு பாதி வயிற்றோடு நின்றுவிடும், கார்டினலில் தலைவரைக்கும் ஓடும். அது ரியோ நீக்ரோ பக்கத்து மீன், 28, 29 வரை தாங்கும்.

என்னைக் கேட்டால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஹார்லெக்வின் ராஸ்போரா நம் மண்ணின் மீன். மலாயாத் தீபகற்பம், சுமத்ரா, தென் தாய்லாந்து. டங்கர் என்ற ஜெர்மானியர் 1904இல் பெயர் வைத்தார். காட்டுச் சதுப்பில், தேத்தண்ணி நிறத் தண்ணீரில் வாழ்கிறது. நம் குழாய்த் தண்ணீர் மென்மையானது, அதற்கு ஒத்துப்போகும். செம்பு நிற உடம்பில் வால் பக்கம் கறுப்பு முக்கோணம், நாலு நாலரை செ.மீ. யாரையும் கடிக்காது. இதைத்தான் வெளிநாட்டுக்காரன் ஹீட்டர் போட்டு வளர்க்கிறான். நாம் அமேசான் மீனை விசிறி போட்டு வளர்க்கிறோம்.

இன்னொன்று. ஏஞ்சல் இந்தத் தடவை கொல்லவில்லை என்பதற்காக அதை விட்டுவைக்காதீர்கள். ஆறேழு மாதத்தில் உள்ளங்கை அளவு வளரும். அப்போது மீதி நியானை உண்மையாகவே விழுங்கும். அதற்கு உயரமான பெரிய தொட்டி வேண்டும்.

செந்தூல்_தொட்டி | வியாழன், இரவு 11.02

எண்ணிக்கையையும் சொல்லிவிடுங்கள் தம்பி, அங்கேதான் நான் அடி வாங்கினேன். டைகர் பார்ப் மூன்று வாங்கினேன், பார்க்க அழகாக இருக்கிறதே என்று. ஒரு வாரத்தில் இரண்டு சேர்ந்து ஒன்றைத் துரத்தியே கொன்றன. அடுத்த வாரம் மிச்சம் இரண்டில் பெரியது சின்னதைக் கொன்றது. கடைசியில் ஒன்றே ஒன்று தொட்டி முழுக்க ராஜாவாகச் சுற்றிக்கொண்டு, பாவம் ஒரு கோராமியின் மீசையை முழுக்கக் கடித்துத் தின்றுவிட்டது. சீனக் கடைக்கார அங்கிள் ஒருவர் சொன்னார்: "இன்னும் ஒன்பது வாங்கு." பைத்தியமா என்று நினைத்தேன். வாங்கினேன். பத்தும் தங்களுக்குள்ளேயே முறைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்து, மற்ற மீன் பக்கம் திரும்பவே நேரமில்லை. அதே மீன்தான், அதே தொட்டிதான்.

ஆனாலும் நீண்ட துடுப்பு மீனோடு டைகர் பார்ப் வேண்டாம். என் கோராமிக்கு மீசை பாதிதான் திரும்ப வளர்ந்தது.

பச்சைப்பாசி | வியாழன், இரவு 11.10

அதேதான். கூட்டமாக வாழ்கிற மீனை இரண்டு மூன்றாக வாங்கினால் ஒன்று பயந்து ஒளியும், இல்லை ரவுடியாகும். ஆறுக்குக் குறையக்கூடாது, பத்து நல்லது. ஐந்து வகையில் இரண்டிரண்டு வாங்குவதைவிட இரண்டு வகையில் பத்தும் ஆறும் வாங்குங்கள். பார்க்கவும் அதுதான் அழகு.

மின்னல்வால் | வெள்ளி, காலை 7.40

குறுக்கே வருகிறேன். கப்பி வைத்தால் என்ன? சுலபம் என்கிறார்களே?

இரவுஷிப்ட் | வெள்ளி, காலை 8.15

வேலை முடிந்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். கப்பி அமைதியானதுதான். ஆனால் அதற்குக் கொஞ்சம் கடினமான தண்ணீர் பிடிக்கும். நம் தண்ணீரில் வைத்தால் ஒரு கைப்பிடி பவளக்கல் துண்டை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போடலாம். பெரிய பிரச்சினை வேறு. ஆண் மட்டும் வாங்குங்கள். ஆணும் பெண்ணும் கலந்தால் மாதத்துக்கு ஒரு பிரசவம். பெண் மட்டும் வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், கடையில் ஏற்கெனவே ஆணோடு இருந்திருக்கும். விந்தைச் சேமித்துவைத்துப் பல மாதம் குட்டி போடும். எங்கள் குடியிருப்பில் நான் கப்பி கொடுக்காத வீடு இல்லை. இப்போது லிஃப்டில் என்னைப் பார்த்தாலே ஆட்கள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள்.

ஜெலுத்தோங்காரி | வெள்ளி, மதியம் 1.05

ஹார்லெக்வின் எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பெட்டாவை விட மகள் சம்மதிக்க மாட்டாள். பெட்டா கூட இருக்குமா? சிலர் ஒத்துப்போகும் என்கிறார்கள், சிலர் கூடவே கூடாது என்கிறார்கள்.

செந்தூல்_தொட்டி | வெள்ளி, மதியம் 1.22

என் பெட்டா டெட்ராக்களோடு இரண்டு வருஷம் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

பச்சைப்பாசி | வெள்ளி, மதியம் 1.30

உங்கள் பெட்டா சாது, அண்ணே. என் தங்கை வீட்டுப் பெட்டா, இறால் பத்தையும் ஒரே ராத்திரியில் முடித்தது. ஒரே இனம், ஆளுக்கு ஆள் குணம் வேறு. இதற்கு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. இன்னொரு பக்கமும் உண்டு: கடைப் பெட்டாவின் அந்தப் பட்டுச்சேலை வாலைப் பார்த்தால் சுறுசுறுப்பான சின்ன மீன்களுக்குக் கடிக்கத் தோன்றும். அக்கா வீட்டுப் பெட்டாவின் வாலைக் கிழித்தது நியானாக இருக்கலாம், பிளாஸ்டிக் செடியாகவும் இருக்கலாம். மெல்லிய ஸ்டாக்கிங் துணி இருந்தால் செடி மேல் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் வாலும் மாட்டும்.

ரப்பர்தோட்டம் | வெள்ளி, இரவு 8.40

பெட்டா பேச்சு வந்ததால் கிழவன் நாலு வரி எழுதுகிறேன்.

நிபோங் தெபால் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன் நான். பள்ளி விட்டதும் வாய்க்கால் ஓரம், வயல் ஓரம் அரிகூடையைக் கொண்டு போய்ப் புல் வேரடியில் முக்கித் தூக்குவோம். அதில் சேப்பாட் இருக்கும், குட்டி விரால் இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் சண்டைமீன் இருக்கும். கடையில் விற்கிற நீண்ட வால்காரன் இல்லை. குட்டையான வட்ட வால், கறுத்த உடம்பில் பச்சையும் நீலமும் மின்னும், வால் விளிம்பில் செம்பிறை. ஹார்லிக்ஸ் புட்டியில் வாழைச் சருகு போட்டு விடுவோம். சருகு ஊறி தண்ணீர் தேத்தண்ணி மாதிரி ஆனால் மீனுக்கு நிறம் ஏறும். இரண்டு புட்டியை அருகருகே வைத்து நடுவில் அட்டையை எடுத்தால் செவுளை விரித்துக்கொண்டு நிற்கும். ஒரு கோலி குண்டு பந்தயம்.

பின்னால்தான் அதன் பெயர் தெரிந்தது: பெட்டா இம்பெல்லிஸ். 1975இல் வைத்த பெயர். லத்தீனில் 'போர்க்குணம் இல்லாதது' என்று அர்த்தமாம். எங்கள் புட்டியில் அது அப்படி ஒன்றும் சாந்தமாக இல்லை! ஆனால் கடைப் பெட்டாவோடு ஒப்பிட்டால் உண்மைதான். செடி அடர்ந்த விசாலமான தொட்டியில் ஆண்கள் விறைத்து நின்று மிரட்டிவிட்டுப் பிரிந்து போய்விடும்.

இன்னொன்று இருக்கிறது, நம் பினாங்குக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. பெட்டா பக்னாக்ஸ். கேன்டர் என்பவர் 1849இல் பினாங்கு மீனைப் பார்த்துத்தான் அதை விவரித்தார், இன்றும் உலகம் முழுக்கப் 'பினாங்கு பெட்டா' என்றே சொல்கிறார்கள். மலை ஓடைகளில் இருக்கும். பக்னாக்ஸ் என்றால் சண்டைக்காரன். அந்தச் சண்டைக்காரன் செய்வது என்ன தெரியுமா? தகப்பன் மீன் முட்டைகளை வாயில் வைத்துக்கொண்டு, இரை எடுக்காமல், குஞ்சு பொரிக்கும்வரை சுமக்கிறது. சாதுவுக்கு வீரன் என்று பெயர், வீரனுக்குச் சாது என்று பெயர். லேபிளைப் பார்த்து மீன் வாங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மகளே, உன் பெட்டாவைத் தனியாக வை. சாப்பாட்டு மேசையில் ஒரு அடி தொட்டி, ஒரு காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டுவாதுமை) இலை. பிளாட் கார் பார்க்கில் மரம் இருக்கும், பார். மருந்து அடிக்காத மரமாகப் பார்த்து, தானாக விழுந்த பழுப்பு இலையைக் கழுவிப் போடு.

கேமரன்_குளிர் | வெள்ளி, இரவு 8.58

ஐயா, இந்த வரிகளுக்காக நான் மலையிலிருந்து இறங்கி வரலாம்.

வாரக்கடைசி_மீன் | சனி, காலை 10.15

பண்டாராயாவைப் பற்றி யாரும் பேசவில்லையே. என்னிடம் இருந்ததை நான் சுங்கையில், ஆற்றில், விட்டுவிட்டேன். சின்ன உயிர், பிழைத்துப் போகட்டும் என்று.

இரவுஷிப்ட் | சனி, காலை 10.17

தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

பச்சைப்பாசி | சனி, காலை 10.50

திட்டவில்லை, நீங்கள் நல்ல மனதோடுதான் செய்திருப்பீர்கள். ஆனால் அது தென்னமெரிக்க மீன். சுத்தம் செய்யும் என்று நம்மவர்கள் நகராட்சிப் பெயரை வைத்துவிட்டார்கள். கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் இப்போது வலை போட்டு அள்ளி எடுக்கிறார்கள், தீரவில்லை. உடம்பு முழுக்கத் தகடு மாதிரி செதில், நம் ஆற்று மீன் எதுவும் அதைச் சீண்டாது. கரையில் வளை தோண்டி முட்டையிடும், கரை சரியும். அது பிழைத்துப் போகும், அதில் சந்தேகமே இல்லை. மற்றவை பிழைக்குமா என்பதுதான் கேள்வி.

அக்கா, உங்களுடையது இப்போது விரல் நீளம். ஓரடிக்கு மேல் வளரும். தின்கிற பாசியைவிடக் கழிவை அதிகம் தரும். கடையில் திருப்பிக் கொடுங்கள், காசு கேட்காதீர்கள், வாங்கிக்கொள்வார்கள். பாசிக்கு இரண்டு நெரைட் நத்தை போதும். உப்பில்லாத தண்ணீரில் அதன் முட்டை குஞ்சாகாது, பெருகித் தொல்லை தராது. கல்லில் வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருக்கும், கொஞ்சம் அசிங்கம்தான்.

வாரக்கடைசி_மீன் | சனி, காலை 11.30

தெரியாமல் செய்துவிட்டேன். இனி இல்லை.

ஜெலுத்தோங்காரி | சனி, இரவு 9.05

ஏஞ்சல் இரண்டையும் இரவுஷிப்ட் தம்பி தன் நாலடி தொட்டிக்கு எடுத்துக்கொண்டார். மகள் 'திருடன்' பையைத் தன் கையாலேயே கொடுத்தாள். பண்டாராயா கடைக்குப் போய்விட்டது. தரையில் என்ன வைக்கலாம்? கோரிடோரஸ் என்று கேள்விப்பட்டேன்.

பச்சைப்பாசி | சனி, இரவு 9.40

கோரி நல்ல தேர்வு, ஆனால் எந்தக் கோரி என்று பார்க்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கிற பெப்பர் கோரி குளிர் விரும்பி. ஸ்டெர்பாய் கேளுங்கள். கறுப்பில் வெள்ளைப் புள்ளி, மார்புத் துடுப்பு ஆரஞ்சு. விலை கூடுதல்தான். ஆனால் டிஸ்கஸ் மீன் வைக்கிறவர்கள் சூட்டுத் தண்ணீரில் போடுகிற கோரி அது. ஆறு எடுங்கள். உங்கள் கூரான கல்லை எடுத்துவிட்டு மெல்லிய மணல் போடுங்கள், கல்லைத் துழாவித் துழாவி மீசை தேய்ந்துவிடும். நடுநடுவே ராக்கெட் மாதிரி மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். பயப்பட வேண்டாம், அது குடலாலும் சுவாசிக்கிற சாதி. எல்லாம் சேர்ந்து ஓயாமல் மேலே பாய்ந்தால் மட்டும் தண்ணீரைச் சோதியுங்கள்.

கோரி கிடைக்கவில்லை என்றால் கூலி லோச் இருக்கிறது, அதற்கும் மணல்தான் நல்லது. மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட மண்புழு மாதிரி. அதுவும் நம் பக்கத்துக்காரன்தான். பகலில் பார்க்க முடியாது. ஃபில்டர் உறிஞ்சுகிற குழாய் வாயில் பஞ்சு மாட்டுங்கள், இல்லையென்றால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். நான் ஒன்றை மூன்று மாதம் செத்துவிட்டதாக நினைத்திருந்தேன். ஃபில்டரைத் திறந்தால் கொழுத்துப்போய் இருந்தது.

மேல்மட்டத்துக்கு ஒரு ஜோடி ஹனி கோராமி போதும். நல்ல சாது. ஆனால் கடையில் 'ரெட் ஹனி' என்று சொல்லி உதடு தடித்த வேறு கோராமியை விற்பார்கள், அது ஒன்பது செ.மீ. வரை போகும். ஹனி ஐந்துதான்.

சேப்பாட் வேண்டாம். ஐயாவின் வாய்க்கால் நினைவு எனக்கும் பிடித்தது. ஆனால் நீலக் கோராமி என்று கடையில் விற்பது அதே சேப்பாட்தான். வளர்ந்த ஆண் அடங்காது.

செந்தூல்_தொட்டி | சனி, இரவு 9.52

மிஸ் கேரளா? சிவப்புக் கோடு போட்டு, கறுப்புக் கோடு போட்டு, பார்க்க என்ன அழகு. நம் ஊர்ப்பக்கத்து மீன் வேறு.

பச்சைப்பாசி | சனி, இரவு 10.01

அழகுதான், சாதுவும்தான். ஆனால் 15 செ.மீ. வளரும், கூட்டமாக வேண்டும், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடுகிற குளிர்ந்த ஆற்று மீன். இரண்டடி தொட்டியில் அது ஐந்தடி அறையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது மாதிரி. காட்டில் எண்ணிக்கையும் குறைந்துவருகிறது.

இரவுஷிப்ட் | ஞாயிறு, காலை 9.10

ஒன்று விட்டுப்போனது. அக்கா, இனி வாங்குகிற எதையும் நேராகத் தொட்டியில் கொட்டாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு சின்னப் பஞ்சு ஃபில்டர், இரண்டு வாரம் தனிக்குடித்தனம். வெண்புள்ளி நோய் வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள், வாரத்துக்கு ஒரு கூட்டம்.

தண்ணீரும் சேமித்து வையுங்கள். 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றினார்களே, நாலு நாள் பினாங்கில் பல இடத்தில் குழாய் வறண்டது. நான் குளிக்காமல் வேலைக்குப் போனேன், மீனுக்கு மட்டும் ஒரு தோங் (பீப்பாய்) நிறையத் தண்ணீர் வைத்திருந்தேன். மனைவி இன்னும் மறக்கவில்லை.

ஜெலுத்தோங்காரி | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 8.20

இழையை மறக்கவில்லை. சொன்னபடி செய்தேன். மூன்றாவது வாரம் அம்மோனியா மஞ்சளுக்கு இறங்கியது, நைட்ரைட்டும் அடுத்த வாரம் பூஜ்யம். மணல் போட்டு ஹார்லெக்வின் பத்து முதலில் விட்டேன், பிறகு ஸ்டெர்பாய் ஆறு. மிச்சம் இருந்த நியான் இரண்டும் ராஸ்போரா கூட்டத்தோடு சேர்ந்து சுற்றுகின்றன, தங்களையும் அதுவென்றே நினைத்துக்கொண்டன போல. கோராமி இன்னும் வாங்கவில்லை. தைப்பூசத்துக்கு மூன்று நாள் தண்ணீர்மலைப் பக்கம் மாமியார் வீட்டில் இருந்தோம், இரை போடாமல்தான் போனோம். வந்து பார்த்தால் எல்லாம் இருந்தன. பெட்டா சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, வால் வளர்ந்துவிட்டது. மகள் சாப்பிட உட்கார்ந்தால் அதுவும் வந்து நிற்கிறது.

இப்போது ஒரு பயம். இன்று காலையிலிருந்து ஒரு ஹார்லெக்வின் அகன்ற இலைச் செடிக்கு அடியில் போய்த் தலைகீழாகப் புரள்கிறது. வயிற்றை இலையின் அடியில் தேய்க்கிறது. இன்னொன்று பக்கத்திலேயே சுற்றி வந்து அதன் மேல் வளைந்துகொள்கிறது. நோயா? சண்டையா? பிரித்துவிடவா?

பச்சைப்பாசி | ஞாயிறு, காலை 8.24

அக்கா, விளக்கை அணைத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். முட்டை வைக்கிறது.

ரப்பர்தோட்டம் | ஞாயிறு, காலை 8.31

மகளைக் கூப்பிட்டு இப்போதே காட்டு. சாயங்காலம்வரை விட்டால் கோரி தின்றுவிட்டிருக்கும்.